ஸ்ரீவித்யாவின் நோய்

2006-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி இரவு திருவனந்தபுரத்தில் நடிகை ஸ்ரீவித்யா காலமானார் என்ற செய்தி பரவியபோது, சங்கீத விதுஷி எம்.எல். வசந்தகுமாரியின் மகளாகச் சென்னையில் பிறந்து, இருபத்திரண்டாவது வயதிலேயே ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் வளர்ந்த பெண்ணொருத்திக்குத் தாயாக நடிக்கத் துணிந்து, பிற்காலத்தில் ‘தளபதி’யில் பெற்ற பிள்ளையைக் கூட்ஸ் வண்டியில் விட்டுப் பிரிந்த தாயின் துயரத்தைக் கண்களாலேயே சொல்லிவிட்ட அந்த அபூர்வமான கலைஞருக்காகத் தமிழகமும், மூன்று முறை சிறந்த நடிகைக்கான மாநில விருதளித்து அவரைத் தன் புத்திரியாகவே பாவித்த கேரளமும் ஒருசேரக் கண்ணீர் விட்டன. அரசாங்க மரியாதையுடன் தகனம் நடந்தது. ஐம்பத்துமூன்று வயது சாகிற வயதன்று என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்தத் துக்கத்தில் ஒரு திகைப்பும் கலந்திருந்தது. மூன்றாண்டுகளாக அவர் மார்பகப் புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார் என்ற விஷயம் அபிமானிகளில் பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இவ்வளவு காலத்துக்குப் பின் அம்மரணத்தைப் பற்றி ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டைப் பிரதேசத்தை மனத்தில் வைத்து எழுத முற்படுவதற்குக் காரணம் உண்டு. இங்கே மொபைல் கம்பெனிகளிலும் கார் உதிரிபாகக் கம்பெனிகளிலும் லைனில் நின்று வேலை செய்யும் பல்லாயிரம் பெண்கள், திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி முதலான ஜில்லாக்களின் கிராமங்களிலிருந்து வந்து, ஹாஸ்டல்களிலும் வாடகை அறைகளிலும் தங்கி, கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட ஒரே விடுதி வளாகம் மட்டும் 18,720 பெண்கள் தங்குவதற்கென்று கட்டப்பட்டது என்றால் அக்கூட்டத்தின் பரிமாணத்தை ஊகித்துக்கொள்ளலாம். இவர்களில் பெரும்பாலோர் ஸ்ரீவித்யா மறைந்த காலத்தில் சிறு குழந்தைகள், அல்லது பிறக்காதவர்கள். ஆயினும் ‘காதலுக்கு மரியாதை’யில் விஜய்யின் தாயாராக வருகிற அந்த அம்மாளை ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் பாராத பெண் இவர்களில் அரிது. ஒரு பிரபலமான ஸ்திரீ இந்நோயால் இறந்தார் என்று எப்போது செய்தி வந்தாலும் முதலில் பயம் பிடிப்பது இப்படிப்பட்ட இளம் பெண்களைத்தான். அந்தப் பயம் உரிய விலாசத்துக்குப் போய்ச் சேருவதில்லை என்பதே நான் சொல்ல விரும்பும் விஷயம்.

பெரியவர்களை இழந்து அழுவது ஸ்ரீபெரும்புதூருக்குப் புதிதன்று. 1991 மே 21-ஆம் தேதி ராஜீவ் காந்தி உயிரிழந்த இடத்தில் எழுந்த நினைவுத் தூண்களைக் காண இன்றும் ஜனங்கள் வருகிறார்கள். ஆனால் அதே நெடுஞ்சாலையில் சுங்குவார்சத்திரத்தைக் கடந்து மேற்கே போனால், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில், துக்கத்திலிருந்து பிறந்த வேறு விதமான நினைவுச்சின்னம் ஒன்று இருக்கிறது: உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி மறைந்த அண்ணாவின் பெயரால் அமைந்த அரசினர் புற்றுநோய் மருத்துவமனை. சென்னை அடையாற்றில் 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையமும், தம் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சோகத்தைப் பல வருஷம் மனத்தில் சுமந்து நிறுவியதுதான். சிலை வைப்பதைக் காட்டிலும் இப்படித் துக்கம் காப்பது உயர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. சிலை வைக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஸ்ரீவித்யா தம் நோயை ஊரறியச் சொல்லாமலிருந்ததற்காக அவரைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. ‘மௌன வசந்தம்’ என்னும் பொருள்பட 1962-இல் பூச்சிக்கொல்லிகளைக் குறித்து எழுதி உலகத்தை உலுக்கிய அமெரிக்க விஞ்ஞானி ரேச்சல் கார்சன்கூட, தமக்கு இதே நோய் முற்றியிருப்பது தெரிந்தால் ரசாயனக் கம்பெனிக்காரர்கள் தம் வாதத்தையே சொந்த நோயின் புலம்பல் என்று தள்ளிவிடுவார்களென அஞ்சி, 1964-இல் இறக்கும்வரை அதை மறைத்தே வைத்தார். இதற்கு மாறாக, அந்நாட்டு ஜனாதிபதியின் மனைவி பெட்டி போர்டு 1974-இல் தமக்கு அறுவை சிகிச்சை நடந்ததைப் பகிரங்கமாகச் சொன்னபோது, பெண்கள் ஆயிரக்கணக்கில் பரிசோதனைக்குச் சென்றார்கள். அவ்வாண்டு பதிவான நோயாளிகளின் தொகையே சட்டென்று உயர்ந்தது. நோய் திடீரென்று பெருகிவிடவில்லை; உள்ளே ஒளிந்திருந்தது வெளிப்பட்டது, அவ்வளவே.

நம்முடைய சினிமாவும் இந்த மௌனத்துக்குத் துணை போயிருக்கிறது. நம் கதாநாயகர்களுக்குப் புற்றுநோய் வருவதுண்டு. ஆனால் அது பெரும்பாலும் ரத்தப் புற்றுநோயாகவே இருக்கும், ஏனெனில் அதில் கேசம் உதிராமலும் முகம் வாடாமலும் ஒரு பாட்டைப் பாடி முடித்துவிட்டுச் சாக வசதியுண்டு என்று கதாசிரியர்கள் நினைத்துக்கொண்டார்கள். ‘வாழ்வே மாயம்’ அதற்குப் பிரசித்தமான உதாரணம். ‘அபூர்வ ராகங்க’ளிலேயே, ஸ்ரீவித்யா நடித்த பைரவியின் கணவராகப் புதுமுகம் ரஜினிகாந்த் வாயிற்கதவைத் திறந்துகொண்டு வருவது அந்நோயோடுதான். மார்பகத்தில் வரும் நோயைப் பற்றிப் பேச வெள்ளித்திரைக்குத் துணிவில்லை. வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் இடையிலும் துணிவில்லை. குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்ட ஒரு சிறு கட்டியை, வலிக்கவில்லையே, போகட்டும் என்று ஒரு வருஷம் வைத்திருக்கும் பெண்களை வைத்தியர்கள் இன்றைக்கும் பார்க்கிறார்கள்.

வலிக்காததுதான் இதில் கெடுதல். மார்பகம் என்பது பால் சுரக்கும் நுண்ணறைகளும், அப்பாலைக் காம்புக்குக் கொண்டுசெல்லும் மெல்லிய நாளங்களும், அவற்றைச் சூழ்ந்த கொழுப்பும் நார்த்திசுவுமாக அமைந்த அவயவம். பெரும்பாலான நோயாளிகளிடத்தில் அந்நாளங்களின் உட்புறத்தில் உள்ள ஏதோ ஓர் உயிரணுவின் மரபுப்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பழுதுகள் சேர்ந்து, பெருகுவதை எப்போது நிறுத்த வேண்டும் என்ற கட்டுப்பாடு அதற்கு அற்றுப்போகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஏறத்தாழ முப்பது முறை இப்படி இரட்டித்தால்தான் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள, சுமார் நூறு கோடி உயிரணுக்கள் அடங்கிய கட்டியாகிறது. ஒரு முறை இரட்டிக்கவே வாரங்கள் பல, சமயத்தில் மாதங்கள் பல பிடிக்கும். ஆகவே விரலுக்குத் தட்டுப்படும் கட்டி நேற்று முளைத்ததன்று. அது சில ஆண்டுகளாவது உள்ளே வாசம் செய்திருக்கும். அந்தக் காலம் முழுவதும் அது நரம்பைத் தொட்டு வலி உண்டாக்கவேண்டிய அவசியம் எதுவும் நேர்வதில்லை.

2003-இல் ஸ்ரீவித்யாவுக்குத் திசுப் பரிசோதனை நடந்தபோது நோய் மார்பகத்தோடு நிற்காமல் முதுகெலும்பு வரை பரவிவிட்டிருந்தது. மார்பில் தோன்றியது முதுகெலும்புக்கு ஏன் போகிறது? இந்தக் கேள்வியை முதலில் ஒழுங்காகக் கேட்டவர் லண்டனில் இருந்த ஸ்டீபன் பாஜெட் என்னும் அறுவை வைத்தியர். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் சவப் பரிசோதனைக் குறிப்புகளை அவர் திரட்டிப் பார்த்தார். 241 பேருக்குக் கல்லீரலில் நோய் பரவியிருந்தது, மண்ணீரலிலோ 17 பேருக்கு மட்டுமே. இரண்டு அவயவங்களுக்கும் ரத்தம் தாராளமாகத்தான் போகிறது. ரத்தம் அடித்துச் சென்ற இடத்தில் எல்லாம் நோய் தங்குமானால் இந்தப் பேதம் எப்படி வந்தது? விதை எல்லாத் திசைகளிலும் சிதறினாலும் தனக்கு ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று 1889-இல் அவர் எழுதினார். அந்த உவமை நூற்றாண்டைத் தாண்டியும் புற்றுநோய் சாஸ்திரத்தில் வழங்கிவருகிறது.

எலும்பு ஏன் அந்நோய்க்கு ஏற்ற நிலம் என்பது இன்று ஓரளவு விளங்கியிருக்கிறது. எலும்பு ஜடப் பொருள் அன்று. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும் புதிதாகக் கட்டும் உயிரணுக்களும் அங்கே இடைவிடாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவ்விடத்தை அடைந்த புற்றணு, பாராதைராய்டு ஹார்மோனைப் போன்றதொரு புரதத்தைச் சுரந்து, கட்டுகிறவற்றின் வாயிலாகவே கரைக்கிறவற்றைத் தூண்டிவிடுகிறது. எலும்பு கரையும்போது அதில் சேமிக்கப்பட்டிருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளிப்படுகின்றன. அவை புற்றணுவுக்கே ஆகாரமாகின்றன. அது மேலும் சுரக்கிறது, எலும்பு மேலும் கரைகிறது. இப்படி நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் ஒரு சுழலாகிவிடுகிறது. எலும்பு கரைவதைத் தடுக்கும் சொலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் முதலிய மருந்துகளை இன்று கொடுப்பது இந்தச் சுழலை அறுப்பதற்காகவே. முதுகெலும்புக்கு மட்டும் இன்னொரு விசேஷ காரணம் உண்டு. அதைச் சூழ்ந்திருக்கும் சிரைகளுக்கு வால்வுகள் இல்லை. இருமும்போதும் முக்கும்போதும் மார்புக்கூட்டின் ரத்தம் அவற்றுக்குள் பின்னோக்கிப் பாயக்கூடும் என்று அமெரிக்க உடற்கூற்று ஆசிரியர் ஆஸ்கார் பாட்சன் 1940-இல் காட்டினார். நுரையீரலைத் தொடாமலே நோய் முதுகை அடைய அது ஒரு குறுக்கு வழி.

சிகிச்சையைப் பற்றி அதிகம் விரிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் பல பெண்கள் வைத்தியரிடம் போகத் தயங்குவது மரண பயத்தால் அன்று, மார்பை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தால். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹால்ஸ்டட் என்னும் அமெரிக்கர், நோய் படிப்படியாகப் புறத்தே விரிகிறது, ஆகையால் எவ்வளவு அதிகமாக வெட்டி எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று கருதி, மார்பகத்தோடு மார்புத் தசையையும் அக்குள் கணுக்களையும் சேர்த்து எடுக்கும் முறையை நிலைநாட்டினார். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் அதுவே வேதவாக்காக இருந்தது. பெர்னார்டு பிஷர் என்பவர் நோயாளிகளைப் பகுத்து வருஷக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து, கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சுக் கொடுத்தாலும், நம் ஜனங்கள் சொல்கிறபடி கரண்டு வைத்தாலும், ஆயுளில் வித்தியாசம் இல்லை என்று 1985-இல் நிரூபித்த பிறகுதான் அந்த வாக்கு சாய்ந்தது. கட்டி சிறிதாக இருக்கும்போதே வருகிற பெண்ணுக்குத்தான் இந்தச் சலுகை கிடைக்கும். தாமதித்து வருகிறவர் எதற்கு அஞ்சித் தாமதித்தாரோ அதையே அடைகிறார்.

இனி நம் தொழிற்பேட்டைக்கு வருவோம். இருபது வயதுப் பெண் ஒருத்தி, கேன்டீனில் தோழி காட்டிய செய்தியைப் படித்துவிட்டு, அன்றிரவு தன் மார்பில் ஒரு சிறு உருண்டையைக் கண்டு தூக்கமிழக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதில் அப்படித் தட்டுப்படுவது மிகப் பெரும்பாலும் பைப்ரோஅடினோமா என்ற சாதுவான கட்டி; விரலால் அழுத்தினால் நழுவி ஓடும், உயிருக்கு அபாயம் இல்லாதது. வைத்தியரிடம் ஒரு முறை காட்டி நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியதே தவிர அழவேண்டியது இல்லை. புற்றுநோய் அந்த வயதில் வரவே வராது என்று சொல்ல முடியாது. குடும்பத்தில் தாய்க்கும் பெரியம்மாவுக்கும் இளவயதிலேயே வந்திருந்தால், பிஆர்சிஏ எனப்படும் மரபணுக்களின் பழுது பரம்பரையாக இறங்கியிருக்கக்கூடும், அப்போது விசேஷ கவனம் வேண்டும். ஆனால் மொத்தத்தில் அது மிக அபூர்வம்.

அவளிடம் இன்னொரு பயத்தையும் யாராவது ஊட்டியிருப்பார்கள்: நைட் ஷிப்ட் பார்த்தால் மார்பகப் புற்றுநோய் வரும் என்பது. இதில் உண்மையின் சாயல் உண்டு. பெண்கள் இரவு ஏழு மணிக்கு மேல் தொழிற்சாலையில் வேலை செய்யலாகாது என்றிருந்த 1948-ஆம் வருஷத்துச் சட்டப்பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-இல் ரத்து செய்தது. சமத்துவத்தின் பெயரால் அது நியாயமான தீர்ப்பே. ஏழாண்டு கழித்து, உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, உடலின் இரவு பகல் தாளத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை, ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற வகுப்பில் சேர்த்தது. 2019-இல் மறுபரிசீலனை செய்தும் அவ்விடத்திலேயே வைத்தது. இருட்டில் சுரக்கும் மெலடோனின் வெளிச்சத்தில் குறைவதும், அதனால் ஈஸ்ட்ரோஜன் முதலான ஹார்மோன்களின் நடப்பு மாறுவதும் காரணமாகலாம் என்பது ஊகம். டென்மார்க்கில் பல்லாண்டு இரவு வேலை பார்த்து நோயுற்ற சில பெண்களுக்கு நஷ்ட ஈடுகூடக் கொடுத்தார்கள். ஆனால் 2016-இல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரவு வேலைக்கும் இந்நோய்க்கும் குறிப்பிடத்தக்க சம்பந்தம் எதுவும் தென்படவில்லை. சம்பந்தம் கண்ட ஆய்வுகளிலும், அமெரிக்கத் தாதியரிடம் நடந்ததைப் போல, முப்பது வருஷத்துக்கு மேல் இரவு வேலை பார்த்தவர்களிடத்தில்தான் அது தெளிவாயிற்று. இங்குள்ள பெண்களோ இரண்டு மூன்று வருஷம் சம்பாதித்து, கல்யாணத்துக்கு நகை சேர்ந்ததும் ஊர் திரும்புகிறவர்கள். ஷிப்டை அடிக்கடி மாற்றாதீர்கள், தூங்க இருட்டான அறை கொடுங்கள் என்று கம்பெனிகளைக் கேட்பதற்குப் போதுமான நியாயங்கள் வேறு உண்டு. அதற்குப் புற்றுநோயைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அந்தப் பயம் போய்ச் சேரவேண்டிய விலாசம் எது? 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் அவ்வொரு வருஷத்தில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாக வந்தது. சுமார் 98,000 பேர் இறந்தனர். மேல்நாடுகளில் அறுபதை ஒட்டிய வயதில் வருவது நம் நாட்டில் ஐம்பதை ஒட்டியே வருகிறது. ஸ்ரீவித்யாவுக்குக் கண்டறிந்தபோது ஐம்பது. லைனில் நிற்கும் பெண்ணின் தாய்க்கு இன்று ஏறக்குறைய அந்த வயதுதான். அவள் கிராமத்தில் களையெடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போய்க்கொண்டிருக்கிறாள். மாதாமாதம் மகளின் பணம் அவளுக்குப் போகிறது, பலகாரமும் புடவையும் பண்டிகைக்குப் போகின்றன, இந்த ஒரு விஷயம் மட்டும் போவதில்லை.

அவளுக்கு வேண்டிய பரிசோதனை பெரிய யந்திரங்களை எதிர்பார்க்கவில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே அருமையான அத்தாட்சி இருக்கிறது. மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த வைத்தியர்கள் 1998 முதல், 35 வயதிலிருந்து 64 வரையுள்ள ஒன்றரை லட்சம் ஏழைப் பெண்களை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, பயிற்சி பெற்ற பெண் ஊழியர்களைக் கொண்டு கையாலேயே மார்பகங்களைப் பரிசோதிக்கச் செய்தார்கள். மாமோகிராம் இல்லை, ஸ்கேன் இல்லை. இருபது வருஷம் கழித்து 2021-இல் வெளியான முடிவின்படி, அப்பரிசோதனை பெற்றவர்களிடம் நோய் முற்றாத நிலையிலேயே அதிகமாகக் கண்டறியப்பட்டது. ஐம்பதும் அதற்கு மேலும் வயதானவர்களிடம் மார்பகப் புற்றுநோயால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் மரணம் குறைந்ததாகத் தெரியவில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்தே சொல்வதுதான் விஞ்ஞானத்துக்கு மரியாதை. முகாம் போட்டு, இருபது வயதுப் பெண்களை வரிசையில் நிறுத்தி மாமோகிராம் எடுத்து, இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திப் படம் பிடித்துக்கொள்கிற உற்சாகத்துக்கு இதில் ஆதாரம் கிடையாது. இளம் மார்பகத்தின் திசு அடர்த்தியானது, அந்தப் படத்தில் கட்டியும் திசுவும் ஒன்றுபோல் வெள்ளையாகவே தெரியும்.

முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கைப் பரிசோதனை செய்யவேண்டும் என்று மத்திய அரசு 2016-இலேயே வழிமுறை வகுத்திருக்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நர்ஸ் அம்மாக்களே அதைச் செய்கிறார்கள், பணம் கேட்பதில்லை. பொங்கல் லீவில் ஊருக்குப் போகும் மகள் கூடவே நின்று, ‘அம்மா, ஒரு தடவை காட்டிட்டு வந்துடுவோம்’ என்று அழைத்துப் போனால், கூச்சத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, தோல் குழிவது, காம்பில் ரத்தம் கசிவது, அக்குளில் நெறி கட்டியது போல் தடிப்பது ஆகியவற்றை வலியில்லாவிட்டாலும் சொல்லிவிட வேண்டும் என்பதையும் நர்ஸ் விளக்குவார். சந்தேகமென்றால் ஜில்லா மருத்துவமனைக்கும், அங்கிருந்து காரப்பேட்டைக்கோ அடையாற்றுக்கோ போக வேண்டியிருக்கும். அதற்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. மகளின் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், அவள் வருமானத்தை நம்பி வாழும், தனி வருமானம் சொற்பமான பெற்றோருக்கும் அத்திட்டத்தில் வைத்தியம் உண்டு. அதற்குத் தாயின் பெயரைக் குடும்ப விவரத்தில் பதிந்திருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று ஹெச்.ஆர். நீட்டிய படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் இப்போதும் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.